ஜெயசுதா கல்லுல யாரும் சுமை எறக்கறதில்ல

அன்பு மகள் அன்பரசிக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் வேளைக்கு ரெண்டு வாய் துன்னுட்டு, காலு கையி ஆடற மட்டும் ஆட்டிகினு நல்லாத்தான் இருக்கோம். கடல் தாண்டி பெர்த்துல இருக்கற நீயும் மாப்பிள்ளை இளவரசனும் உன் வவுத்துல இருக்கற குட்டியும் அதுக்கு மேல நல்லா இருக்கணும்னு வேடியப்பனுக்கு விளக்கு வச்சிட்டுத்தான் பேனாவ எடுத்தேன். போன்ல பேசாம இன்னாத்துக்கு இந்தம்மா லெட்டர் எழுதுதுன்னு நீ கேப்ப. நம்ம ஊருல டவரு எப்ப வரும் எப்ப போவும்னு சாமிக்கே தெரியாது, அது ஒரு பக்கம். இன்னொண்ணு, நான் சொல்லப் போறத போன்ல சொன்னா பாதியில நீ அழுவ, நீ அழுதா நானும் அழுவேன், ரெண்டு பேரும் மூக்க சிந்திகினே இருந்தா விஷயம் அங்கயே நின்னுடும். வேலூர்ல உன் கூட படிச்ச ஆனந்தி அடுத்த வாரம் அந்தப் பக்கம் கெளம்புதாம். அது கையில இந்த லெட்டரும், குட்டிக்கு படுக்க போட உங்கப்பாவோட பழைய வேட்டித் துணி கொஞ்சம் துவைச்சி மடிச்சும் குடுத்தனுப்பறேன். புதுத் துணி பச்ச ஒடம்ப அறுக்கும், இதையே போடு, வெள்ளக்காரி நர்சு இன்னா சொன்னாலும் கேக்காத.

உங்கப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்குது. செங்கம் சந்தைக்கு போனவரு ஒரு தைலம் வாங்கிகினு வந்தாரு, தேய்ச்சா வூடே நாறுது, வலி ஒண்டி போவல. பலா இந்த வருஷம் பிஞ்சிலயே நெறைய உதிர்ந்துடுச்சி, சாமை மட்டும் மோசமில்ல. உனக்கு இங்க இருந்து வளையல் போட முடியலன்னு எனக்கு இருக்கற ஏக்கத்த எழுதினா பேப்பர் பத்தாது. ஏழு மாசம் ஆவுது, இன்னமும் கம்ப்யூட்டர மடியில வச்சிகினு விடிய விடிய கதை புத்தகம் படிக்கறதா மாப்பிள்ளை சொல்றாரு. படிக்காதன்னு நான் சொல்ல முடியுமா, இந்த கெட்ட பழக்கத்த உனக்கு ஊட்டி வளத்தவளே நான்தான. ஆனா கால தொங்க போட்டுகினு குந்தாத, நீர் கோத்துக்கும். எள்ளுருண்டை, பப்பாளி ரெண்டையும் தொடாத.

நீ கேட்டிருந்த இல்ல, நீ அனுப்பற கதைங்கள எல்லாம் இங்க பெரியவங்க எப்படி கேக்கறாங்க, புள்ளைங்க எப்படி கேக்கறாங்கன்னு எழுதும்மா, நான் இங்க தமிழ் பள்ளிக்கூடத்து லைப்ரரிக்கு எத வாங்கலாம் எத வாணாம்னு எழுதணும்னு. சரின்னு புளி தட்டற எடத்துலயே வச்சிகிட்டேன். உனக்கு தெரியாததா, மாசி பங்குனியில நான் டீச்சரா இருந்த பழைய பால்வாடி வாசல்ல பொம்பளைங்க எல்லாம் குந்தி ஓடு ஒடைச்சி நாரு உரிச்சி கொட்டை எடுப்போம், லீவு நாள்ல புள்ளைங்களும் வந்து கொட்டை பொறுக்கும். நான் கண்ணாடிய மாட்டிகினு நடுவுல குந்தி படிப்பேன், என் பங்கு புளிய அவங்களே பிரிச்சி தட்டிடுவாங்க. மொதல்ல அந்த நீலக்கலர் அட்டை காதல் கதை. அதுல வர்ற பொண்ணு ஜன்னல்ல நின்னு மழைய பாக்கறா, பாக்கறா, பாத்துகினே இருக்கறா. இவளுக்கு வூட்ல வேலையே இல்லியா, கொடியில காயற துணிய யாரு எடுப்பான்னு இவளுங்க கேட்டு சிரிச்சதுல அன்னிக்கு புளியே தட்டல. அத வாங்காத. புள்ளைங்களுக்குன்னு அனுப்பின அணில் கதை இருக்குது பாரு, அந்த அணில் பக்கத்துக்கு பக்கம் நன்றி சொல்லுது, பெரியவங்க பேச்ச கேக்குது, பல்லு வெளக்குது. நம்ம ஊரு அணில் எதுவும் அப்படி இல்ல, ரெண்டாவது பக்கத்துலயே புள்ளைங்க கொட்டைய ஒருத்தர் மேல ஒருத்தர் அடிச்சிகினு வெளையாட ஆரம்பிச்சிடுச்சுங்க. பதினாலு வயசு பொண்ணு திருடன புடிக்கற கதை ஜோரு. ஒண்ணுதான், அந்தப் பொண்ணு எங்க போற எப்ப வருவன்னு பெத்தவங்க ஒரு வாட்டி கூட கேக்கல, அது எப்படிடி. காசில்லாம பஸ்ல ஏறிட்டு கண்டக்டர் கிட்ட மாட்டிக்கற பேய் கதைய மட்டும் மூணு வாட்டி படிக்க வச்சாங்க, பெரியவங்களும்தான். அதனால புள்ளைங்களுக்கு பேயே வாணாம்னு நான் சொல்ல வரல, இத மனசுல வச்சிகினு மேல படி.

கதை சொன்னா யாராச்சும் ஒருத்தர் ம் கொட்டணும், இல்லன்னா சொல்றவ வாய் அடைச்சிக்கும்னு உனக்கு தெரியும். இங்க ம் கொட்டறது எப்பவும் செல்லிதான். உன் சிநேகிதி ஜெயசுதாவோட அம்மா செல்லி. ஜெயசுதா போனதுல இருந்து அவ பேச்சு கொறைஞ்சி போச்சி, ஆனா கதைக்கு ம் கொட்டறத மட்டும் வுடல. அவ கொட்டற ம்முலயே எனக்கு தெரிஞ்சிடும், இந்த எடம் ருசிக்குதா, இது வெறும் சப்பையான்னு. உன் லைப்ரரிக்கு இன்னும் ஒரு ஆளு வேணும்னா செல்லிய இட்டுகினு போ, சம்பளமே கேக்க மாட்டா.

இப்ப அந்த கருப்பு அட்டை நாவலுக்கு வர்றேன். அதுக்கு மேல நீ ஒரு சீட்டு ஒட்டி அனுப்பின, பெரியவங்களுக்கும் பன்னெண்டு வயசுக்கு மேல புள்ளைங்களுக்கும் ஏத்தது, மலை மக்களோட நம்பிக்கைய அப்படியே கண்ணு முன்னாடி நிறுத்துதுன்னு. கதை இன்னா, மலை ஊரு ஒண்ணுல ஒருத்தி வவுத்துல புள்ளையோட செத்துப் போறா, ஊரு கூடி எறக்கத்துல அவ பேருல சுமைதாங்கி கல்லு நடுது. அந்த கல்லு மேல எவன் சுமைய எறக்கி வச்சாலும் அவ புடிச்சிக்கறா, அன்னிக்கே அவன் சாவறான். கடைசியில டவுன்ல இருந்து ஆராய்ச்சி பண்ண வந்த பையன் ஒருத்தன் மந்திரவாதிய இட்டுகினு வந்து கல்ல ஒடைக்கறான், அவ அலறிகினு ஓடறா, ஊரு நிம்மதியா தூங்குது. எந்த மலைடி அது, எந்த மக்கள். சுமைதாங்கி எதுக்குன்னு உனக்கு நான் சொல்லணுமா, அந்த சீட்ட பாத்தா சொல்லணும் போலத்தான் இருக்குது. புள்ளைய சொமந்துகினே செத்தவளுக்கு செத்தப்பறமும் அந்த சுமை எறங்காது. அதுக்குத்தான் வழியில ரெண்டு கல்ல நட்டு மேல ஒரு கல்ல படுக்க வச்சி, தலைச்சுமையோட வர்றவங்க தொணை இல்லாம எறக்கி வைக்கற ஒசரத்துல நிறுத்தறோம். ஒவ்வொருத்தரா எறக்கி வைக்க வைக்க அவ சுமையும் கொஞ்சம் கொஞ்சமா எறங்குது. அவ நமக்கு தாங்கறா, நாம அவளுக்கு எறக்கறோம், அவ்ளோதான். இதுல பேய் எங்க இருந்து வந்துச்சி. நம்ம சந்தவாசல் எறக்கத்துல ரெண்டாவது திருப்பத்துல நிக்கறது யாரு கல்லு, என் பால்வாடியில உன் பக்கத்து பாயில படுத்து தூங்கின ஜெயசுதா கல்லு. ரோடு வராத காலத்துல, ரெண்டாவது புள்ளைக்கு வலி எடுத்து டோலி கட்டி தூக்கிகினு எறங்கறப்ப அந்த திருப்பத்துலதான் அவ மூச்சு நின்னுச்சி, புள்ள உள்ளயே போச்சி. நீ அப்ப காலேஜு ஹாஸ்டல்ல இருந்த. லீவுக்கு வந்தப்ப உன் துணிப்பைய அந்த கல்லு மேல எறக்கிட்டு அங்கயே குந்தி அழுத, செல்லிதான் உன்ன எழுப்பி வூட்டுக்கு இட்டுகினு வந்தா. அதெல்லாம் உனக்கு எப்படிடி மறந்துச்சி.

உன்ன ஒண்டி வையறது நாயமில்ல. சொல்றவன் சொன்னா கேக்கறவனுக்கு புத்தி எங்க போச்சி. நீ அனுப்பினதாச்சேன்னு நானும் முன்னாடி பொரட்டி பாக்காம எல்லார் நடுவுலயும் பிரிச்சேன். அந்த ஆளு நல்லா எழுதி இருக்காருடி, அதான் வெனையே. எறக்கத்துல வெயில் எந்தப் பக்கம் வுழும், மழை பேஞ்சா எந்த கல்லு வழுக்கும், புளியம்பூ வாசனை எப்ப தூக்கும், எல்லாம் நம்ம வழியில நடந்து பாத்து எழுதினா மாதிரி இருக்குது. சப்பையா எழுதி இருந்தா இவளுங்க அந்த மழை பாத்த பொண்ண ஓட்டினா மாதிரி ஓட்டிட்டு போயிருப்பாளுங்க. கல்லு நடற எடம் வந்தப்ப படிக்கறத நிறுத்திட்டு நிமுந்து செல்லிய பாத்தேன். அவ குனிஞ்சி கொட்டை எடுத்துகினே ம்னு சொன்னா. மத்தவளுங்க கையி நின்னுடுச்சி, படி சசி, படின்னு சொன்னாங்க. நானும் படிச்சேன். அது மட்டுமா, பால்வாடியில நரிக்கு ஒரு கொரலு காக்காவுக்கு ஒரு கொரலுன்னு பேசி பழகின வாயி, அந்த செத்தவ பேசற எடத்துக்கெல்லாம் ஒரு கொரலு குடுத்தேன், இழுத்து, மூக்கால, மெதுவா. சுமைய எறக்கிட்டியா, அப்ப என்னுத நீ தூக்குன்னு அவ சொல்ற எடத்துல புள்ளைங்க ஒண்ண ஒண்ணு கட்டிகிச்சுங்க. எனக்கு உள்ளுக்குள்ள பெருமையா இருந்துச்சி, மறைக்கல. புத்தகம் முடியற மட்டும் செல்லி ம் கொட்டினா, ஒரு எடத்துல கூட நிறுத்தல.

மொதல்ல புள்ளைங்கதான். பள்ளிக்கூடம் வுட்டு வர்றப்ப அந்த திருப்பத்துல ஓட ஆரம்பிச்சிடுச்சுங்க. புள்ளைங்கதானன்னு வுட்டோம். அப்பால ரேஷன் அரிசி தூக்கிகினு வர்ற பொம்பளைங்க அங்க நிக்காம மேல வந்து மூச்சு வாங்கினாங்க. பேயி கீயின்னு யாரும் வாய தொறந்து சொல்லல, எனக்கு இன்னிக்கு அவசரம், எனக்கு இன்னிக்கு சுமை கம்மின்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. உங்கப்பா, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு எல்லாரையும் கேலி பண்ணிட்டு போனாரே, அவரும் சாமை மூட்டைய கல்லுக்கு முன்னாடியே தரையில எறக்கி வச்சிட்டு, ஆளு கெடைக்காம தூக்க முடியாம நின்னாராம். ஏன் கல்லு மேல வைக்கலன்னு கேட்டா முட்டி வலின்றாரு. முட்டி வலிக்காரன் குனிஞ்சா எறக்குவான், சொல்லு. இத்தினி வருஷமா ஒரு நாளைக்கு பத்து பேராச்சும் சுமை எறக்கின கல்லு, தலைத்துணி தேஞ்சி தேஞ்சி வழவழன்னு ஆன கல்லு, மேல சருகு வுழுந்து கெடக்குது. அந்தப் பக்கம் போறப்ப யாரோ காத்துகினு நிக்கறா மாதிரியே இருக்குதுடி. கை நீட்டல, கூப்புடல, சும்மா நிக்கறா மாதிரி.

இதுல பூவிழி பாடுதான் பெரும்பாடு. ஜெயசுதா வுட்டுட்டு போன மூத்த பொண்ணு, அப்ப கைப்புள்ள, இப்ப ஏழாவது படிக்குது. அந்தப் பொண்ணுக்கு அம்மான்னா அந்த கல்லுதான், வேற ஒண்ணும் தெரியாது. பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா பைய அது மேல வச்சிட்டு, பக்கத்துல குந்தி கொய்யாக்கா துன்னுட்டுத்தான் வூட்டுக்கு வரும். இப்ப பசங்க உங்கம்மாவுக்கு நகம் எவ்ளோ நீளம்னு கேக்கறாங்களாம். எறக்கத்துல வராம முள்ளுக்காட்டுல பூந்து சுத்திகினு வருது, கையெல்லாம் கீறல். நான் கூப்புட்டு மருந்து போட்டேன். பயந்துகினு கெடக்குதேன்னு மெதுவா, வலிக்குதா கண்ணுன்னு கேட்டேன், அந்தப் பொண்ணு ஒடம்பு தூக்கிப் போட்டுச்சி. எனக்கு அப்பதான் புரிஞ்சிச்சி, நான் மெதுவா பேசற கொரலு அதுக்கு அந்த கதைக் கொரலா கேக்குது. அப்பால அதுவே கேட்டுச்சி, டீச்சரு, எங்கம்மா என்ன புடிப்பாங்களான்னு. இல்ல கண்ணுன்னு சொல்ல வாயெடுத்தேன், எந்தக் கொரல்ல சொல்றதுன்னு தெரியாம மருந்து டப்பாவ மூடினேன். அன்னியில இருந்து என் கொரல கேட்டா எனக்கே ஒரு மாதிரி இருக்குது. உங்கப்பாவ சாப்புட கூப்புடக் கூட சத்தம் போட்டுத்தான் கூப்புடறேன், இன்னாத்துக்கு கத்தறன்றாரு.

போன வெள்ளிக்கெழம புளிப்பைய தலையில வச்சிகினு சந்தவாசலுக்கு எறங்கினேன். மதியம், நல்ல வெயிலு, வழியில ஈ காக்கா இல்ல. திருப்பத்துக்கு மேலயே கழுத்து கடுக்க ஆரம்பிச்சிடுச்சி, கல்லு கண்ணுக்கு தெரியுது, எறக்கிட்டு போவணும்னுதான் வந்தேன், வேணும்னேதான் கனமா கட்டிகினு வந்தேன். கிட்ட வந்ததும் உன் வவுறு நெனப்பு வந்துச்சி. புள்ளத்தாச்சி பொண்ண பெத்தவ இங்க நிக்கலாமா, என்னுத நீ தூக்குன்னு சொல்லிட்டா இன்னா பண்றதுன்னு பயம் புடிச்சிகிச்சி. அது நான் குடுத்த கொரலு, நான் பேசின பேச்சு, எனக்கே தெரியும், தெரிஞ்சும் காலு நிக்கல. தலைய குனிஞ்சிகினு தாண்டினேன். தாண்டினப்பறம்தான் பாத்தேன், கல்லுக்கு பின்னாடி நெழல்ல செல்லி குந்திகினு இருந்தா. பக்கத்துல வெறகு கட்டு. இந்த வேளையில எங்க வெறகு கொண்டு போறன்னு கேட்டேன். எங்கயும் இல்லன்னா. தெனம் இந்த வேளைக்கு ஒரு கட்டு கட்டி தூக்கிகினு எறங்கி வந்து பொண்ணு கல்லு மேல வைக்கறாளாம், கொஞ்சம் நேரம் குந்தறாளாம், திரும்பி தூக்கிகினு மேல ஏறி வூட்ல வச்சிடறாளாம், மறுநாளு அதே கட்டு. ஒரு நாளைக்கு ஒரு சுமையாச்சும் எறங்க வாணாமா சசி அவளுக்குன்னு சொன்னா. அவ கழுத்து நரம்பு கயிறு மாதிரி நின்னுச்சி, என் வயசுதான அவளுக்கும். எனக்கு அங்கயே செத்துடலாம் போல இருந்துச்சி.

அவ என்ன ஒரு வார்த்தை கேக்கலடி. நான் தாண்டி போனத பாத்துட்டா, ஏன் தாண்டினேன்னும் அவளுக்கு புரிஞ்சிடுச்சி. அன்பு முழுகாம இருக்கா இல்ல, நீ பயப்படறது நாயம்தான், நீ வைக்காத, நான் வைக்கறேன்னு சொல்லி எழுந்து வந்து என் தலையில இருந்த பைய ரெண்டு கையால எறக்கி அவ பொண்ணு கல்லு மேல வச்சா. சுமை யாருதா இருந்தா இன்னா, எறங்கினா சரின்னா. நான் கல்ல தொட்டேன், சுட்டுச்சி. வெயிலுதான், வெயிலுன்னுதான் நெனச்சிகினேன். அங்கயே குந்தி ரெண்டு பேரும் தண்ணி குடிச்சோம். அப்பதான் அவ அந்த கதைய பத்தி மொத மொதல்ல வாய தொறந்தா. எனக்கு கோவம் இல்ல சசி, நல்ல கதைதான், ஒண்ணுதான் எனக்கு ஒத்து வரல, கடைசியில கல்ல ஒடைச்சதும் அவ ஓடிப் போயிட்டான்னு படிச்சியே, எங்க போயிருப்பா, வவுத்துல புள்ளைய வச்சிகினு எவ்ளோ தூரம் ஓடுவான்னு கேட்டா. கதை முழுக்க மொகத்த சொன்னாரு, முடிய சொன்னாரு, நகத்த சொன்னாரு, எழுதினவரு புள்ளைய மறந்தே போயிட்டாரு இல்லன்னா. நான் எத்தினி கதை படிச்சிருக்கேன், ஆனா எனக்கு இது தோணலடி. எழுதினவருக்கும் தோணல, நாடு நாடா கதை படிச்சி சீட்டு ஒட்டற உனக்கும் தோணல.

அதனால நான் சொல்றத கேளு. அந்த புத்தகத்த லைப்ரரியில இருந்து தூக்கிடாத. படிக்காதன்னு சொன்னா புள்ளைங்க ஒளிச்சி வச்சிகினு ரெண்டு வாட்டி படிக்கும், நீயே அப்படித்தான. ஆனா அந்த சீட்ட கிழிச்சி போட்டுட்டு வேற எழுது. மலை மக்களோட நம்பிக்கைன்னு எழுதாத, ஒரு ஆளு நெனச்சி கட்டின கதைன்னு எழுது, அதுக்கு கீழ சுமைதாங்கின்னா இன்னா, எதுக்கு நடுறாங்கன்னு எழுது. அத படிச்சிட்டு கதைய படிச்சா பயமும் இருக்கும், பாவமும் இருக்கும். ஒரு புத்தகத்த இன்னொருத்தருக்கு சொல்றது பொண்ணு பாத்து சொல்றா மாதிரி, மூக்கு முழி நல்லா இருக்குதுன்னு சொன்னா பத்தாது, அங்க இங்க விசாரிச்சிட்டுத்தான் சொல்லணும். பூவிழி மாதிரி ஒரு புள்ள உன் லைப்ரரியிலயும் ஒரு மூலையில குந்திகினு இருக்கலாம், யாரு கண்டா.

இன்னொண்ணு செல்லி கேட்டது. அவளுக்கு அந்த கதையில இன்னும் ஒரே ஒரு பக்கம் வேணுமாம். ஒடைச்ச கல்ல யாராச்சும் திரும்பி நடணும், ஒரு ஆளு வெறகு கட்டோட வரணும், எறக்கி வைக்கணும், ஓடினவ திரும்பி வந்து அவ சுமையும் எறங்கணும், அவ்ளோ போதுமாம். அத நான் இவளுங்க நடுவுல, பூவிழியும் இருக்கறப்ப, புத்தகத்த கையில வச்சிகினே படிக்கணுமாம். எழுதினவரு கிட்ட அன்பு கேட்டு வாங்குவாளான்னு கேட்டா, அவ வெளிநாட்டுல இருக்கறா, அவளுக்கு எல்லாரையும் தெரியும்னு நெனப்பு. நானே எழுதிடலாம்னு மறுநாளு குந்தினேன். வெறகுக்காரி எறக்கத்துல வந்தான்னு ஒரு வரி வந்துச்சி. கல்லு கிட்ட நின்னான்னு இன்னொரு வரி வந்துச்சி. அப்பால அவ எறக்கி வைக்கவே மாட்டேன்றா, நானும் எவ்ளோ நேரம்தான் அவள நிறுத்தி வைக்கறது. எழுதறது லேசு இல்லடி, அந்த ஆள திட்டறத அன்னிக்கு கொஞ்சம் கொறைச்சிகினேன். அவர் கிட்ட கேக்க முடிஞ்சா கேளு, இல்லன்னா நீ எழுது. ஜெயசுதாவ உனக்கு தெரியும், அவ சிரிப்பு, அவ கோவம், அவ தலை வாரிக்கற அழகு, எல்லாம் தெரியும், உன்னால முடியும். புளி சீசன் முடியறதுக்குள்ள வந்தா நல்லது, சீசன் முடிஞ்சா இவளுங்க ஒருத்தி ஒருத்தியா பிரிஞ்சி போயிடுவாளுங்க. இப்போதைக்கு செல்லியும் நானும்தான் அந்த வெறகு கட்ட மாத்தி மாத்தி தூக்கிகினு எறங்கறோம். நேத்து இன்னொருத்தி எங்கள பாத்துட்டு நின்னா, நின்னுட்டு போயிட்டா. பூவிழி இன்னமும் முள்ளுக்காட்டு வழிதான்.

என் கண்ணே, உன் கிட்ட இருக்க முடியலன்ற வருத்தம் எனக்கு ஒரு பக்கம்னா, இந்த நேரத்துல உனக்கு இத எழுத வேண்டியதா போச்சேன்னு பயம் ஒரு பக்கம். செல்லி கிட்ட சொன்னேன், எழுது எழுது, எம் பொண்ணு அவளுக்கு ஒண்ணும் பண்ண மாட்டா, அவ கூடவே நிப்பான்னு சொன்னா. நான் அத நம்பறேன், நீயும் நம்பு. வேடியப்பன் உன்னையும் மாப்பிள்ளையையும் காப்பாத்துவான், ரெண்டு உசுரும் ரெண்டா பிரிஞ்சி நல்லபடியா கண்ணு முழிக்கணும், நூறு வயசுக்கு நீ கதை படிக்கணும். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறந்துடாத. கனமா எதையும் தூக்காத, புத்தகப் பொட்டிய கூட தூக்காத. வழியில தெரிஞ்சவங்களோ தெரியாதவங்களோ, நான் எறக்கி வைக்கட்டுமான்னு கேட்டா, பரவால்ல பரவால்லன்னு சொல்லிகினு நிக்காம குடுத்துடுடி. அவங்க யாருன்னு கூட பாக்காத, குடுத்துடு.

எப்பவும் உன் நெனப்புலயே இருக்கற
உன் அம்மா,
சசிகலா